சமையலறைப் பட்டியலில் என் குரல்

இந்த வருடம் கம்பெனி ஆண்டு விழாவில் நான் பாடியே தீருவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் நான் எப்போதுமே கெட்டிக்காரன். அதை வீட்டில் சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பாடுங்க. யார் வேணாம்னா?"

"நீயும் வருவல்ல?"

"நீங்க மேடை ஏறினா நான் அந்த ஹால்ல இருக்க மாட்டேன். பாத்ரூம் கதவைத் தாண்டி வர்றதையே தாங்க முடியல. அதுல மைக் வேறயா?"

"என் குரல் நல்லா இருந்தா?"

"இருந்தா வர்றேன். முன் வரிசையிலேயே உக்கார்றேன். நல்லா இருக்குன்னு என் வாயால வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

வேறு கணவனாக இருந்தால் இத்தோடு விட்டிருப்பான். என்னால் முடியவில்லை. கல்யாணமானதிலிருந்து அவள் என்னை வாய்விட்டுப் பாராட்டியது ஒரே ஒரு தடவை. சிக்கிக்கொண்ட குக்கர் மூடியைத் திறந்ததற்கு. பாட்டுக்காகவும் ஒரு பாராட்டு வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு என் குரல் பிடிக்காமல் இல்லை. குரலோடு நானும் சேர்ந்து வருவதுதான் இடிக்கிறது. இரண்டையும் பிரித்துவிட்டால் என்ன?

நான் வேலை பார்ப்பது ஒரு மருந்துக் கிடங்கில். பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருக்கும் மூலையில் எதிரொலி கிடையாது. மதிய இடைவேளையில் அங்கே நின்று பாடிப் போனில் பதிவு செய்தேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெட்டி கட்டுகிறவர் தட்டோடு எழுந்து வெளியே போனார். கலைக்கு இடம் விடத் தெரிந்த மனிதர்.

வீட்டில் நாங்கள் இருவரும் பாட்டுக் கேட்பது ஒரே செயலியில், ஒரே கணக்கில். ஊர் உலகத்துப் பாட்டெல்லாம் இணையம் வழியாக அதில் வந்து கொட்டும். நாம் சொந்தமாக வைத்திருக்கும் பாட்டையும் அதில் நுழைக்க ஒரு வழி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய், 'இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள பாடல்களையும் காட்டு' என்ற பொத்தானைத் தட்ட வேண்டும். தட்டினேன். பெரிய பெரிய பாடகர்களுக்குச் சமமாக நானும் வந்து உட்கார்ந்தேன். பாட்டுக்கு 'இளங்காற்று' என்று பெயர் வைத்தேன். பாடியவர் பெயரைக் காலியாக விட்டேன். செயலி தானாகவே 'அறியப்படாத பாடகர்' என்று போட்டுக்கொண்டது.

மனைவி சமைக்கும்போது கேட்கும் பட்டியலில், அவளுக்கு உயிரான இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அதைச் செருகினேன். என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கணீரென்று பாடியது. அவள் போனை எட்டிப் பார்த்தேன். பட்டியலில் பெயர் இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காதில் இயர்போனோடு அவள் காய் நறுக்கினாள். ஏற்கெனவே துடைத்த டம்ளரை மறுபடி துடைத்துக்கொண்டு நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. புதுசா ஏதாவது பாட்டு வருதான்னு..."

அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"ஆமா, 'இளங்காற்று'ன்னு ஒண்ணு இருக்கு. யாரோ அறியப்படாத பாடகராம்." கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். "அடடா, என்ன குரலுங்க! ரொம்ப நல்லா இருக்கு."

டம்ளர் கை நழுவியது. எவர்சில்வர் என்பதால் பிழைத்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வோமே என்று ஒரு சபலம்.

"ஒரு பிசிறு இல்லீங்க. எண்ணெய்ப் பண்டமே தொடாதவரா இருக்கணும்."

அன்றிலிருந்து வறுவல் டப்பா பக்கம் நான் போகவில்லை. அதை அவள் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"மூச்சு எவ்ளோ நீளம் பாருங்க! லிஃப்ட்ல போற ஆளுக்கு இது வராது. தண்ணி கேனைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறறவரு."

கிடைத்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்வதா? கேன் போடுகிறவரிடம் இனிமேல் கீழேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"குனிஞ்சு தரை துடைக்கிறவங்களுக்குத்தாங்க அடிவயித்துலேருந்து இப்படி எழும்பும்."

துடைத்தேன். கட்டிலுக்கு அடியிலும் துடைத்தேன். உச்சத்துக்குப் போக அது ரொம்ப உதவும் என்றாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? இந்த மாதிரி ஆளுங்க வீட்ல வாயே திறக்க மாட்டாங்க. குளிக்கும்போது ஒரு முணுமுணுப்புகூடக் கிடையாது. எல்லாத்தையும் மேடைக்குன்னு சேத்து வைப்பாங்க."

பாத்ரூமில் மௌனமானேன். எதிர் வீட்டுக்காரர் படியில் என்னைப் பார்த்து, ஊரில் இல்லையா என்று விசாரித்தார். அவர் முகம் என்னவோ மலர்ச்சியாகத்தான் இருந்தது.

விழாவுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் நெருங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வந்திருந்தார். கணக்கு வாத்தியார். நிரூபிக்காமல் எதையும் நம்ப மாட்டார். சாட்சிக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

"மச்சான், உங்க தங்கச்சி ஒரு பாடகர் மேல பைத்தியமா இருக்கா. யாருன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க."

"அப்படியா மாப்பிள்ளை? போடுங்க, கேப்போம்."

மனைவி தடுக்கவில்லை. அவளே போனை நீட்டினாள். ஸ்பீக்கரோடு இணைத்து, 'இளங்காற்று' மேல் விரலை வைத்தேன். சத்தமில்லை. அழுத்தினேன். இன்னும் பலமாக அழுத்தினேன். 'இந்தப் பாடல் இந்தக் கருவியில் இல்லை' என்று ஒரு வரி வந்து நின்றது. பிறகு செயலி என்னைத் தாண்டிக் குதித்து அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

"என்னடி இது?"

"அது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற பாட்டு. அங்கதான் பாடும்," என்றாள், அண்ணனிடம் காபியைக் கொடுத்துக்கொண்டே. "இங்க பேரு மட்டும்தான் வரும். பாடணும்னா ரெண்டையும் ஒரே வைஃபைல வச்சு இந்த போன்லயும் இறக்கணும். நீங்க இறக்கல. முதல் நாளே எனக்கு இந்த வரியைத்தான் காட்டுச்சு. இந்தக் கருவியில இல்லன்னா வேற யார் கருவியில இருக்கும்? நிமிர்ந்து பாத்தா நீங்க நிக்கறீங்க."

மச்சான் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்போ என் பாட்டை நீ கேக்கவே இல்லையா?"

"ஒரு வரி கேக்கல."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இடுப்பு வலி வேறு.

"கேட்டியோ கேக்கலையோ, நல்லா இருக்குன்னு உன் வாயால வந்துது. சொன்ன சொல்லு சொல்லுதான். விழாவுக்கு வரணும். முன் வரிசையில உக்காரணும்."

மச்சான் நிமிர்ந்தார். இதில் நான் ஜெயித்துவிட்டேன் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மனைவி தன் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கண்டிப்பா வர்றேங்க. என் போன்ல பாடின மாதிரியே அங்கயும் பாடிடுங்க."