கர்னலுக்குக் கத்தி கிடையாது

இனி என் வீட்டில் எந்த ஆணுக்கும் அநியாயம் நடக்க விடமாட்டேன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று சபதம் செய்தேன். தட்டைக் கோபத்தில் தள்ளியதாக யாரும் நினைக்கவேண்டாம். அது காலியாகிவிட்டிருந்தது.

சபதத்துக்குக் காரணம் கர்னல். கர்னல் ஓர் எலி. என் மனைவி நோரீன் வளர்க்கும் ஐந்து ஆண் எலிகளில் மூத்தவன். நிறம் வெள்ளை. அதாவது, வெள்ளையாக இருந்திருக்க வேண்டியவன். வயசுக்கு வந்த நாளிலிருந்து அவன் முதுகில் எண்ணெய் ஊற ஆரம்பித்து, ரோமம் பிசுபிசுத்து, சுருட்டுக் குடிக்கிறவனின் மீசை மாதிரி மஞ்சளடித்துப் போயிருந்தான். ரோமத்தை விலக்கிப் பார்த்தால் தோலில் ஆரஞ்சு நிறத்தில் செதில் செதிலாகத் தூள். தூக்கினால் மீன் வறுவல் சுற்றிக் கொடுத்த காகிதத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். இது நோய் இல்லை. ஆண் எலிக்கு ஆண்மை அப்படித்தான் வெளியே தெரியும். எனக்கெல்லாம் அது எந்த வழியாகவும் வெளியே தெரிவதில்லை என்பாள் நோரீன்.

அன்று காலை அவள் டீயைக் கலக்கிக்கொண்டே, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்:

"கர்னலை டாக்டரம்மாகிட்ட கொண்டுபோய்க் காயடிச்சிடலாம்னு இருக்கேன்."

நான் மேஜைக்கடியில் காலை ஒடுக்கிக்கொண்டேன். "எதுக்கு?"

"எண்ணெய்க்குத்தான். அது போச்சுன்னா எண்ணெயும் போயிடும். ரோமம் பஞ்சாட்டம் ஆயிடும்."

"ஒருத்தன் முதுகுல எண்ணெய் வடியுதுன்னு அவன் அடிமடியில கைவைப்பியா நீ?"

"நீங்க ஏங்க பதறுறீங்க? உங்களையா சொன்னேன்?"

"இன்னைக்கு அவன். நாளைக்கு?"

"உங்களுக்கு வடியறது எண்ணெய் இல்லையே. வெறும் வாய்தானே!"

பர்ன்லி சந்தையில் என்னிடம் தரைவிரிப்பு வாங்கிய யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இந்த கிளிஃப் டக்வொர்த்துக்குக் கோபம் வந்தால் கூரைத் தகரம் அதிரும் என்பார்கள். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே துரத்திவிட்டது. தள்ளுவண்டியில் துண்டு விரிப்பு விற்று, மழையில் நனைந்து, ஏமாந்து, ஏமாந்த இடத்திலேயே மறுநாள் போய் நின்று தொழில் கற்றவன் நான். பேரத்தில் என்னை அமுக்க இந்த லங்காஷயர் மாவட்டத்திலேயே ஆள் கிடையாது.

"நோரீன், பேரம் பேசுவோமா?" என்றேன்.

"எலிக்கா?"

"அடுத்த மாசம் மெதடிஸ்ட் கோயில் மண்டபத்துல எலிக் கண்காட்சி இருக்கில்ல? அதுல கர்னலை நிறுத்தறேன். ரோமத்துக்கும் தோலுக்கும் பரிசு வாங்கிட்டான்னா கத்தி கிடையாது. வாங்கலைன்னா மறுநாளே டாக்டர்."

"அந்த மஞ்சள் மூட்டைக்குப் பரிசா? யார் அவனைச் சுத்தம் பண்றது?"

"நான்."

நோரீன் டீயைக் கீழே வைத்தாள். சிரிக்கும்போது சிந்திவிடும் என்பதால். "உங்க காலுறையையே நீங்க துவைச்சதில்லையே! வேணாங்க. அது பெரிய வேலை. உங்களால ஆகாது."

ஆகாது என்று சொல்லலாமா என்னிடம்? "கையை நீட்டு!" என்று கத்தினேன். அவள் நீட்டினாள். சந்தை வழக்கப்படி ஓங்கி ஒரு அடி அடித்து முடித்தேன். உள்ளங்கையில் உள்ளங்கை விழுந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ராஜாவே வந்தாலும் பேரத்தைக் கலைக்க முடியாது.

முதலில் கடையிலிருந்து விரிப்பு கழுவும் நுரைத் திரவம் ஒரு கேன் கொண்டுவந்தேன். சிவப்பு ஒயின் கறையையே எடுக்கிற சரக்கு. நோரீன் கேனைப் பிடுங்கினாள்.

"பைத்தியமா உங்களுக்கு? தோல் வெந்துபோகும்!"

"விரிப்பும் ரோமம், இவனும் ரோமம்."

"விரிப்பு தன்னை நக்கிக்காது! இவன் நக்குவான்."

சரி என்று குழந்தைகளுக்குப் போடும் ஷாம்புவுக்கு இறங்கி வந்தேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டுக் கர்னலை இறக்கினேன். அவன் என் சட்டைக் கைக்குள் புகுந்து, தோள் வழியாக ஏறி, கழுத்து வழியாக வெளியே வந்தான். குளித்தது நான். இருந்தாலும் விடவில்லை. தினமும் குளிப்பாட்டினேன். நாலு நாள் போனதும் பார்த்தால், முன்னைவிட அதிகமாக எண்ணெய்! தோல் காய்ந்து வெடித்து, சொறிந்து சொறிந்து அவன் தோளில் பொருக்கு வேறு.

நோரீன் வாசற்படியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "நல்லாக் குளிப்பாட்டுங்க. தினம் ரெண்டு வேளை குளிப்பாட்டுங்க. தோல் காயக் காய உடம்பு இன்னும் எண்ணெய் விடும்னு நான் சொன்னா நீங்க கேக்கவா போறீங்க? ஈரத்துணியால துடைச்சு விட்டாலே போதும்னு சொன்னா காதுலயா போட்டுக்குவீங்க?"

அவள் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வதுதான் எனக்கு வெற்றி. அவளோ தினம் குளிப்பாட்டச் சொல்கிறாள். உடனே குளியலை நிறுத்தினேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், முடி போகிற போக்கிலேயே தலையிலிருந்து வால்வரை துடைத்தேன். விரிப்பு வியாபாரிக்கு இழை எந்தப் பக்கம் படுக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

"அந்தப் பன்றிக்கறித் துண்டும் வேர்க்கடலையும் மட்டும் நிறுத்திடாதீங்க," என்றாள் இன்னொரு நாள். "பாவம், நீங்க கொடுத்துப் பழக்கினதாச்சே. கொழுப்பு தின்னா தோல்ல பொருக்கு வரும்தான். வரட்டுமே!"

அன்றே நிறுத்தினேன். ஓட்ஸும் வேகவைத்த கீரையும் போட்டேன். கர்னல் கீரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இறைச்சிப் பணியாரத்தைப் பார்த்தான். அவன் மனம் நோகக்கூடாது என்று நானும் கீரைக்கு மாறினேன். என் இடுப்புப் பட்டையில் ஒரு ஓட்டை உள்ளே போயிற்று.

பைன் மரச் சீவலைக் கூண்டில் போடாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. "என் மரச் சீவல்ல கைவைச்சீங்க, தெரியும் சேதி! அதுல தோல் அரிக்கும், தும்மல் வரும். எனக்கு எல்லாம் தெரியும். காகிதம் கிழிச்சுப் போட்டாத்தான் நல்லதுன்னும் தெரியும். ஆனா யார் உக்காந்து கிழிக்கறது?" என்றாள். நான் உட்கார்ந்தேன். ஒரு வாரத்துச் செய்தித்தாளைக் கிழித்தேன். அவள் இன்னும் படிக்காத ஞாயிறு இதழையும் சேர்த்துத்தான். அதிலேயே எனக்குப் பாதி வெற்றி.

நகம் வெட்டும்போது கர்னல் என் கட்டைவிரலில் கையெழுத்துப் போட்டான். வாலைத் தேய்க்க மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ் வேண்டியிருந்தது. அடியிலிருந்து நுனிக்குத்தான் தேய்க்கணும், எதிர்ப்பக்கம் தேய்த்தால் வலிக்கும்.

"அது யாரோட பிரஷ்ஷுங்க?" என்றாள் நோரீன்.

"என்னோடதுதான்."

"நீலமா?"

"நீலம்."

"உங்களோடது பச்சை."

இதைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

பக்கத்து வீட்டு வில்ஃப் பந்தயப் புறா வளர்ப்பவன். சுவருக்கு மேல் தலையை நீட்டாமல் அவனுக்கு டீ இறங்காது.

"என்னய்யா கிளிஃப், எலிக்குத் தலை துவட்டி விடறியா?"

"ஒரு ஆம்பளையோட மானத்தைக் காப்பாத்தறேன்."

"யாரோடது?"

"கர்னலோடது. தோத்தா நோரீன் அவனைக் காயடிச்சிடுவா."

வில்ஃப் கையிலிருந்த புறாவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். "எங்க வீட்டுக்காரி புறாவுக்கு அப்படிச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"எதிர்த்து நிப்பே."

"புறாவுக்கு முன்னாடி நான் பறந்திடுவேன்யா!"

இப்படிப்பட்ட கோழைகள் நடுவில்தான் நான் வாழ்கிறேன். ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். மாலையில் துடைத்து முடித்து மடியில் போட்டுக்கொண்டால், கர்னல் பல்லை நறநறவென்று அரைப்பான். அப்போது அவன் கண் ரெண்டும் வெளியே பிதுங்கிப் பிதுங்கி உள்ளே போகும். முதல் தடவை பார்த்து உயிர் போகிறது என்று அலறிவிட்டேன். எலிக்கு ஆனந்தம் வந்தால் அப்படித்தானாம். என் மடியில் உட்கார்ந்து யாருக்கும் அந்த மாதிரி ஆனந்தம் வந்து நான் பார்த்ததில்லை. இவன்மேல் ஒரு கத்தி படுவதா? பட்டால் என் மேல் பட்டதுபோல.

கண்காட்சி நாள் வந்தது. மண்டபம் முழுக்க எலி. வாசலில் எங்கள் ஊர் மிருக டாக்டர் ஹேதோர்ன் அம்மா நின்று, உள்ளே போகும் எலிகளுக்கு நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கர்னலைத் தூக்கி, காதைப் பார்த்து, ரோமத்தை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார்த்து, "அடேயப்பா!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. கத்தி வைத்திருக்கும் எதிரிதான், இருந்தாலும் நியாயமான எதிரி.

நடுவர் ஒரு ஒல்லி மனிதர். ஒவ்வொரு எலியாகத் தூக்கி, முதுகு ரோமத்தை ஊதிப் பிரித்து, தோலைப் பார்த்து, விரலால் தடவி, விரலையும் பார்த்தார். எனக்கு முன்னால் இருந்த மூன்று ஆண் எலிகளும் விரலில் மஞ்சள் வைத்துவிட்டுப் போயின. கர்னல் முறை. ஊதினார். பனி பெய்த மைதானத்தில் காற்றடித்த மாதிரி வெள்ளை ரோமம் இரண்டாகப் பிரிந்தது. கீழே தோல், பிறந்த குழந்தையின் கன்னம். தடவினார். விரலைப் பார்த்தார். மறுபடி தடவினார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். விரலில் விரலைத் தவிர ஒன்றுமில்லை!

"ஆண் எலிதானே?" என்றார், சந்தேகத்தோடு.

"திருப்பிப் பாருங்கய்யா!" என்று கர்ஜித்தேன்.

திருப்பினார். இருந்தது. இரண்டும், முழு மரியாதையோடு.

வளர்ப்பு எலிப் பிரிவில் ரோமத்துக்கும் தோலுக்கும் முதல் பரிசு, சிவப்பு ரிப்பன், கர்னல்! நான் போட்ட கூச்சலில் மண்டபத்தில் இருந்த அத்தனை எலியும் காகிதத்துக்குள் புகுந்துகொண்டது. நோரீனைத் தேடிப்போனேன். தேநீர் மேஜைக்குப் பக்கத்தில், தோற்ற தளபதி மாதிரி தலையைக் குனிந்து நின்றாள்.

"என்ன சொல்றே?" என்றேன்.

"சரிங்க. ஒத்துக்கறேன். கர்னலுக்குக் கத்தி கிடையாது."

எதிராளி சாயும்போது ஏறி மிதிப்பவன்தான் வியாபாரி. "கர்னலுக்கு மட்டுமா? மத்த நாலு பேருக்கும் கிடையாது!"

"அதெப்படி? பேரம் ஒருத்தனுக்குத்தானே. அந்த நாலும் எண்ணெய்ச் சட்டி மாதிரி இருக்குதுங்க. நான் விடமாட்டேன்."

"ஒருத்தனை வெளுத்தவன் நாலு பேரை வெளுக்கமாட்டானா?"

"யாரு, நீங்களா? துடைக்கறது, காகிதம் கிழிக்கறது, நகம் வெட்டறது, கீரை வேகவைக்கறது எல்லாமா? ஒரு மாசத்துல ஓடிடுவீங்க."

"நானா ஓடறவன்? அதுங்க ஆயுசு முழுக்கச் செய்யறேன்!"

"அதுங்களுக்கு அப்புறம் வர்ற குட்டிங்களுக்கு?"

"அதுங்களுக்கும் நான்தான்!"

"வேணாங்க. நான் தாங்கமாட்டேன். ரொம்ப இறங்கி வரச் சொல்றீங்க..."

"கையை நீட்டுடி!"

பெருமூச்சு விட்டாள். நீட்டினாள். மண்டபம் எதிரொலிக்கிற மாதிரி ஓங்கி அடித்தேன். சந்தைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு பேரம் நான் முடித்ததில்லை. ஒன்றைக் கேட்டு ஐந்தை வாங்கியிருக்கிறேன்!

சத்தம் கேட்டு டாக்டர் ஹேதோர்ன் அம்மா டீக் கோப்பையோடு வந்தார்.

"மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா," என்றேன், பெருந்தன்மையாக. "உங்களுக்கு வரவேண்டிய அஞ்சு ஆபரேஷனை நான் கெடுத்துட்டேன். காயடிக்கறதெல்லாம் இனிமே எங்க வீட்ல கிடையாது."

"காயடிக்கறதா?" அவர் கோப்பையை இறக்கினார். "நான்தானே ரெண்டு வருஷமா அதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்? உங்க வீட்டம்மாதான், 'எங்க பிள்ளைங்க மேல கத்தி வைக்கறேன்னு இன்னொரு தடவை பேசினீங்க, நான் வேற டாக்டரைப் பாத்துக்குவேன்'னு சண்டைக்கே வந்துட்டாங்களே!"

நான் மெல்லத் திரும்பினேன்.

நோரீன் என் தோளிலிருந்து கர்னலை எடுத்து, அவன் மூக்கில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"சந்தையில இத்தனை வருஷம் நின்ன மனுஷன், நான் சொன்ன முதல் விலையைப் போயி நிஜம்னு நம்பிட்டீங்களே!"