மூச்சு விடுற இடம்

படித்தவன் எளிமையாகப் பேசக் கிளம்பும்போதுதான் ஊருக்குக் கேடு வருகிறது. நான் ஒருமுறை கிளம்பினேன்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு இழுக்கும் டீசல் ரயில் இஞ்சின்களைப் பழுதுபார்க்கிற ஷெட் அது. இஞ்சினை ஓடவிட்டுத்தான் கோளாறு பார்க்க முடியும் என்பதால் உள்ளே எப்போதும் கரும்புகை. 'புகையை வெளியே தள்ள ஃபேன் வேணும்' என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். 'எவ்வளவு புகை குடிக்கிறீங்கன்னு முதல்ல அளப்போம்' என்றது நிர்வாகம். (அளப்பது என்றால் தள்ளிப்போடுவது என்று அப்போது எனக்குத் தெரியாது.) அளக்க வந்த மேதை, அடியேன். என் அறிக்கையை வைத்துத்தான் ஃபேன்.

என்னிடம் இருந்தவை குட்டிப் பம்புகள். பம்ப் இடுப்பில் இருக்கும். குழாயின் நுனியில் ஒரு வெள்ளைத்தாள். ஆள் இழுக்கிற காற்றை அதுவும் இழுக்கும், புகை இருந்தால் தாள் கறுக்கும். 'காலர்ல மாட்டுங்க' என்றால் முடிந்தது சோலி. ஆனால் மூக்குக்குப் பக்கத்து இடத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. அதைத் தமிழாக்கித் தொலைத்தேன்.

"ஷிஃப்ட் முழுக்க இது நீங்க மூச்சு விடுற இடத்துல இருக்கணும்."

மூத்த ஃபிட்டர் சேவியர் அண்ணாச்சி நெற்றியைச் சுருக்கினார். "மூச்சு விடுற இடத்துலயா? நெசமாவா, சார்?"

"அங்க மட்டும்தான்!"

சொல்லிவிட்டு, ஷெட்டுக்குள் இருமல் வந்ததால், ஏசி அறையிலிருந்து மேற்பார்வையிட்டேன்.

சாயங்காலம் பம்புகள் திரும்பின. தாள்கள் கல்யாண வேட்டி மாதிரி வெளேரென்று இருந்தன. அறிவுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். நானோ, கடற்காற்று புகையைத் துடைத்துவிடுகிறது என்று ஒரு கோட்பாட்டையே கண்டுபிடித்தேன். மறுநாள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதை முழங்கவும் செய்தேன்.

மேலாளர் பூரித்துப்போய் மக்ரூன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப ஃபேனே தேவையில்ல?"

"தேவையே இல்ல சார்!"

சேவியர் அண்ணாச்சி எழுந்தார். "சார், நீங்க சொன்ன மாதிரிதான செஞ்சோம். ஷெட்டுக்குள்ள எங்களுக்கு ஏது மூச்சு விட நேரம்? பின்னால வேப்பமரத்தடியில டீ குடிக்கயிலதான் மூச்சு விடுவோம். அங்கனதான் கிளையில தொங்கவிட்டிருந்தோம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏலே, வேப்பமரத்துக்கு நெஞ்சுல சளியே இல்லையாம்லே!"

கூரை அதிரச் சிரித்தார்கள். சிரிக்காதவர் மேலாளர் மட்டும்தான். "அளந்தது அளந்ததுதானே, அறிக்கை இப்படியே இருக்கட்டுமே" என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றார் அண்ணாச்சி. "இஞ்சினையும் வேப்பமரத்தடிக்கே அனுப்பிருங்க. நாங்க அங்கனயே பாத்துக்கிடுதோம்."

மேலாளர் மக்ரூன் தட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். மறு அளவீட்டுக்கு உத்தரவானது. இம்முறை எனக்கும் ஒரு பம்பைக் கட்டி, குழாய் நுனியைக் காலரில்தான் மாட்டி, ஷெட்டுக்குள் நிறுத்தினார்கள். தாள்கள் தோசைக்கல்லாகக் கறுத்தன. என் மூக்கிலிருந்து, பேனாவில் ஊற்றி அறிக்கை எழுதுமளவுக்கு மை வந்தது.

ஃபேன் வந்தது. நிர்வாகம் தேடித்தேடி மலிவாக வாங்கியது. சத்தம் கப்பல் சங்கு மாதிரி. இழுப்பதோ கொஞ்சம் புகைதான். அதற்கு என்ன பெயர் வைப்பதென்று ஷெட்டில் யாரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். இன்றைக்கும் அங்கே இஞ்சின் உறுமத் தொடங்கினால் யாராவது சுவிட்சுப் பக்கம் பார்த்துக் கத்துவார்கள்:

"ஏலே, சாரைச் சுத்த விடுலே!"