இரண்டு வாத்தும் ஒரு விருந்தாளியும்

தனியாகச் சுற்றுலா போகிற பெண்களுக்கு இப்போது ஊரில் ஏக மரியாதை. தைரியசாலி, வாழ்க்கையை ரசிக்கத் தெரிந்தவள் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. தனியாகப் போனால் நம்மைப் போட்டோ எடுக்க ஆள் கிடையாது. (கழிவறைக்குப் போகும்போது கைப்பையைப் பிடித்துக்கொள்ளவும் ஆள் கிடையாது. அந்தக் கொடுமையை இங்கே எழுத முடியாது.) இந்த ஒரு சின்னக் குறையால்தான் எல்ல என்கிற மலையூரில் என் மானம் கப்பலேறியது.

என் கணவர் போய் இரண்டு வருடமாகியிருந்தது. ஒரே மகள் துளசி கல்யாணம் முடித்து மெல்பேர்னில் இருக்கிறாள். நான் கணக்குப் பிரிவு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கொழும்பை ஒட்டிய வத்தளையில் மூன்று அறை உள்ள வீட்டில் ஓர் அறையில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தேன். மகள் தினமும் போன் எடுத்து, "சாப்பிட்டீங்களா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். "என்ன சாப்பிட்டீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் மாட்டிக்கொள்வேன். பாணும் வாழைப்பழமும் என்று எத்தனை நாளைக்குத்தான் சொல்வது?

ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "போதும்மா. வீட்ட வித்துட்டு இங்க வந்துருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவரும் நானும் கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு. "எனக்கென்னடி குறை? நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்."

"அப்ப நிரூபிங்க. ரெண்டு நாள் எங்கயாச்சும் போய்ட்டு வாங்க, நான் புக் பண்றேன். ஒரே ஒரு போட்டோ அனுப்புங்க. நீங்க சிரிக்கிற போட்டோ. பல்லக் காட்டுறது இல்ல, நெசமா சிரிக்கணும். அனுப்பிட்டா இனிமே இந்தப் பேச்ச எடுக்க மாட்டேன்."

ஆக, என் வீடு என் பல்லை நம்பி நின்றது.

அவள் புக் பண்ணிய இடம் எல்ல. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் பிறந்ததே அதே மலைகளில்தான், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில். என் அம்மா கொழுந்து பறித்தார். நான் கூடை தூக்கக்கூடாது என்பதற்காகவே என்னைக் கொழும்புக்குப் படிக்க அனுப்பினார். அவர் பாடுபட்டு வெளியே தள்ளிவிட்ட இடத்துக்குப் பேத்தி என்னைச் சொகுசாகத் திருப்பி அனுப்பினாள். போதாக்குறைக்கு, அந்த ஹோட்டலில் எல்லாமே இருவருக்கான ஏற்பாடுதானாம்.

ஹோட்டல் மேனேஜர் பண்டாரவளைப் பையன், நல்ல மரியாதைக்காரர். வாசலிலேயே இரண்டு கிளாஸ் ஜூஸோடு நின்றார். என் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் பின்னால வர்றாரா மேடம்?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி. அவர் வரமாட்டார்."

"பரவால்ல மேடம். எவ்வளவு லேட்டா வந்தாலும் கேட் திறந்துவிடுவோம்."

நான் இரண்டு ஜூஸையும் குடித்தேன். வேறு என்ன செய்ய?

அறையில் கட்டில் மேல் இரண்டு டவலை மடித்து இரண்டு அன்னம் செய்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்திருந்தார்கள். (அன்னம் என்பது அவர்கள் சொன்னது. பார்க்க வாத்து மாதிரித்தான் இருந்தது.) நான் குளிக்க வேண்டுமென்றால் ஒன்றைக் கலைத்தாக வேண்டும். எதைக் கலைப்பது என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன் என்றால் நம்புவீர்களா? கடைசியில் என் பக்கத்து வாத்தைக் கலைத்துத் துவட்டிக்கொண்டேன். மற்றதைத் தொட மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போனேன். ரயில் வரும் நேரம், கல்யாண வீட்டுக் கூட்டம். போட்டோ எடுத்துத் தரச் சொல்லி ஒரு ஜோடியிடம் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண், "ஆன்ட்டி, ஒரு போட்டோ" என்று தன் போனை என் கையில் வைத்துவிட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அடுத்து இன்னொரு ஜோடி. பிறகு ஒரு குடும்பம். பிறகு எந்த நாட்டவரென்றே தெரியாத நான்கு பேர். ரயில் வந்து, கூவி, வளைந்து போய்விட்டது. அன்று அந்தப் பாலத்தில் சிரித்தவர்களில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்தது நான்தான். என் முறை வந்தபோது ஒரு பெண் அவசரமாக ஒன்று எடுத்துத் தந்தாள். அதில் பாதி அவளுடைய விரல், மீதியில் கண்ணை மூடிய நான். நானே எடுத்துப் பார்த்ததெல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்தது போல இருந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையிலும் இரண்டு தட்டு. எதிரே இருந்ததை எடுத்துவிடவா என்று கேட்டார்கள். "இருக்கட்டும்" என்றேன். யாருமில்லாத நாற்காலிக்கு எதிரே இருப்பதைவிட, வரவேண்டியவருக்காகக் காத்திருப்பவள் மாதிரி இருப்பது கொஞ்சம் கௌரவம் அல்லவா.

அதன்பிறகுதான் அந்தக் கூத்து. ஏற்பாட்டில் "கொழுந்து பறிக்கும் அனுபவம்" என்று ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரர்களோடு என்னையும் வேனில் ஏற்றி, நமுனுகுல மலையைப் பார்த்த ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கொட்டகையில் கைப்பை, போன் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டினார்கள். சேலை கட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் இரண்டு கூடை வந்தது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

கைடு தம்பி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். எனக்கு அந்தப் பாடம் எதற்கு? இடுப்பில் படங்குச் சாக்கை நானே இழுத்துக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, தேயிலைச் செடி நிரையில் இறங்கினேன். பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குத் தெரியாமல் பறித்த கை அல்லவா, தானாக ஓடியது. பெருமை தலைக்கேறிவிட்டது. குனிந்த தலை நிமிராமல் பறித்துக்கொண்டே போய் நிமிர்ந்தால், வெளிநாட்டுக்காரர்களைக் காணோம். என் இரண்டு பக்கமும் நிஜமான தொழிலாளிகள். மேலே ரோட்டில் இன்னொரு வேன் நின்று, ஒரு கூட்டம் என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா இறங்கி வந்து, அன்போடு எனக்கு ஒரு டொபி கொடுத்தார். அத்தனை பேர் போனிலும் நான் இருந்தேன், என் போனில் மட்டும் இல்லை.

அப்போது கீழேயிருந்து, "நிறுவைக்கு வாங்க" என்று குரல் வந்தது.

என் தலைதான் வத்தளையில் இருந்தது, கால் இன்னும் பசறையில்தான் இருந்திருக்கிறது. அது தானாக நடந்து, கொழுந்து நிறுக்கும் வரிசையில் போய் நின்றது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நிறுவைக்கு ஓடுவேன். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பேன். அவருடைய பதிவு நம்பரைக் கணக்கப்பிள்ளையிடம் சொல்வது என் வேலை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தராசருகே நின்ற கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல், "நம்பர்?" என்றார்.

"எழுபத்திரெண்டு" என்றேன், உரக்க, எட்டு வயதுக் குரலில்.

அவர் எழுதினார். பிறகு என் கொழுந்துக்குள் கையை விட்டுக் கிளறினார். "என்னம்மா இது, பாதி முத்தலு. மாட்டுக்கா பறிச்சீங்க?"

(இத்தனை நேரம் நான் பட்ட பெருமையை நினைத்துப் பாருங்கள்.)

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "அய்யா, எழுபத்திரெண்டு நானுங்க" என்றது.

என் அம்மாவின் தோட்டம் வேறு, அந்தத் தோட்டம் வேறு. ஆனால் எல்லாத் தோட்டத்திலும் ஓர் எழுபத்திரண்டு இருக்கத்தானே செய்யும்? திரும்பினால், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கப்பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்க யாரு? எந்த டிவிசனு?"

எனக்கு வாய் குழறியது. "நான் டூரிஸ்ட்" என்றேன்.

வரிசையின் முன்னால் தொடங்கிய சிரிப்பு கடைசி ஆள்வரை போய்த் திரும்பி வந்தது. "டூரிஸ்டு நல்லாத் தமிழ் பேசுறாங்களே" என்றாள் ஒருத்தி. பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

எழுபத்திரண்டு மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. எம்பேருல முத்தலு ஏறிருச்சு. இவங்க வேன்ல ஏறிப் போயிருவாங்க, ஏச்சு எனக்குத்தான?"

அவள் சொன்னது நியாயம். கணக்கப்பிள்ளையும் அதை ஒப்புக்கொண்டு, "ரெண்டு பேரும் கீழ கொட்டிப் பொறுக்குங்க. நல்லத மட்டும் கொண்டாங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

படங்கை விரித்து உட்கார்ந்தோம். அவள் பெயர் செல்வராணி. கொஞ்ச நேரம் விறைப்பாகத்தான் இருந்தாள். முத்தலைப் பொறுக்கி எறிந்துகொண்டே, "எந்த ஊருங்கக்கா?" என்றாள்.

"பசறைப் பக்கம். இப்ப கொழும்புல."

"தனியாவா வந்தீங்க? வீட்டுக்காரரு வரலியா?"

ஹோட்டலில் வரமாட்டார் என்றேன். வங்கிப் படிவத்தில் காலமானார் என்று எழுதினேன். பக்கத்து வீட்டில் இல்லை என்பேன். இவளிடம், "செத்துப் போயிட்டாருமா" என்று வந்துவிட்டது. அந்தச் சொல்லை அதுவரை நான் வாயால் சொன்னதே இல்லை. சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. இரண்டு ஜூஸ், இரண்டு தட்டு, இரண்டு வாத்து என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே பொறுக்கினாள்.

"ஒரு வாத்தக் கலைக்க மனசு வரலம்மா. கட்டில்ல அந்தப் பக்கம் அப்புடியே படுக்க வச்சுட்டேன்" என்றேன்.

அவள் கை நின்றது. "வாத்தயா?"

"ஆமா."

கொஞ்சம் யோசித்தாள். "போர்வ போத்துனீங்களாக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "போத்துனேன். குளிரா இருந்துச்சு."

அவள் பாவம், உதட்டைக் கடித்து அடக்கித்தான் பார்த்தாள். முடியவில்லை. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் எனக்கும் பிடித்துக்கொண்டது. வயிறு வலிக்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். நடுவில் எங்கோ அது அழுகையாகி மறுபடி சிரிப்பாகவும் ஆனது. அவள் தன் ரொட்டியைப் பிய்த்து, சம்பல் வைத்து என் கையில் கொடுத்தாள். தேத்தண்ணியும் பாதிப் பாதி. கணவர் போன பிறகு ஒருவர் எதிரே உட்கார்ந்து நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

கைடு தம்பி வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார். "மேடம், எங்கெல்லாம் தேடுறது? அனுபவம் அப்பவே முடிஞ்சிருச்சு." எழுந்து போகுமுன் செல்வராணியின் போன் நம்பரைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன்.

வத்தளைக்குத் திரும்பினேன், போட்டோ இல்லாமல். துளசியிடம் அதை மறைக்கவில்லை. நிறுவைக் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், "எடுக்க ஆள் இல்லடி" என்று மட்டும் சொன்னேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. "நான் விசா வேலையப் பாக்குறேன்மா" என்றாள் மெதுவாக. சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் ஒரு வீட்டு புரோக்கர் வந்து, அவரும் நானும் கட்டிய சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

அவர் வந்துபோன சில நாளில் துளசி வீடியோவில் வந்தாள். பக்கத்தில் மருமகன். "அம்மா, அந்த ஹோட்டலோட பேஸ்புக் பக்கத்துல ஒரு போட்டோ போட்டிருக்காங்க. இது யாரு?"

யாரோ ரோட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கொட்டிக் கிடக்கும் கொழுந்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், வாய் கொள்ளாத சிரிப்பு. ஒருத்தி நான். கீழே, "ஊவா மலையின் தேயிலைத் தொழிலாளிகள், ஓய்வு நேரத்தில்" என்று எழுதியிருந்தது. என்னைக் கூடை தூக்க விடமாட்டேன் என்று சபதம் போட்ட அம்மா இதைப் பார்த்திருந்தால் தொலைந்தேன்.

துளசி நெடுநேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நெசமாத்தான் சிரிக்கிறீங்க. பக்கத்துல யாரும்மா?"

"எழுபத்திரெண்டு" என்றேன். பிறகு வாத்து உட்பட முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றோடு வீடு விற்கிற பேச்சு நின்றது. ஆனால் இன்றுவரை மருமகன் போனில் முதலில் கேட்பது, "அத்தை, வாத்து சாப்பிட்டுச்சா?"

போன வருடம் மகள் மறுபடியும் அதே ஹோட்டலைப் புக் பண்ணினாள். போனால், அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மேனேஜர் தம்பி அதற்கு நேர்கீழே இரண்டு கிளாஸ் ஜூஸோடு நின்றார். படத்தில் இருப்பது நான் என்று அவருக்குத் தெரியவில்லை. என் பின்னால் யாருமில்லாததைப் பார்த்துவிட்டு, இந்த முறை ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸை மேசையில் வைக்கப் போனார்.

"இருக்கட்டும் தம்பி" என்றேன். "இன்னொருத்தங்க வருவாங்க. நிறுவை முடியணும், கொஞ்சம் லேட்டாகும்."

"பரவால்ல மேடம்" என்றார். "கேட் திறந்துவிடுவோம்."