இரண்டு வீட்டுக்கு ஒரு முகடு

எனக்குத் தெரியாத வேலைகள் எத்தனையோ உண்டு. அவற்றால் இதுவரை யாருக்கும் ஒரு கெடுதியும் வந்ததில்லை. தெரியும் என்று நான் நினைத்த ஒரேயொரு வேலைதான் இரண்டு குடும்பங்களை ஒரே நாளில் வெறும் வானத்துக்குக் கீழே கொண்டுவந்து இருத்தியது. அந்த வேலை, கூரை பிரிப்பது.

நான் தம்பலகாமத்துக்காரன். எனக்கு வேலை சீனன்குடாவில், ஒரு களஞ்சியத்தில். கல்யாணம் முடித்ததிலிருந்து என் மனைவி சுகந்தி வயல்வெளிக்கு நடுவில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு திருகோணமலைப் பட்டினத்தில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் வாடகைக்குக் கிடந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் எழும்பிய அதே வாரத்தில் ஒரு யானை எங்கள் குசினிச் சுவரில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. சுவர் போய்விட்டது. கடற்கரையில் யானைத் தொல்லை இருக்காது என்று சொல்லி சுகந்தியையும் எங்கள் இரண்டு மகன்களையும் கிளப்பியவன் நான்தான். (அழிவு என்றால் யானைதான் வரவேண்டும் என்று யார் சொன்னது? நான் போதாதா?)

வீடு என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். அது பாதி வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைகளுக்குப் போவது வழக்கம். என் மாமியாருக்கு இரண்டு பெண்கள், வீடு ஒன்று. மனுசி அதிகம் யோசிக்கவில்லை. நடுவில் ஒரு சுவர் வைத்து, வலப்பக்கத்தை மூத்தவளுக்கும் இடப்பக்கத்தைச் சுகந்திக்கும் எழுதிவிட்டார். சுவர் கட்டிய மேசன் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். சீமெந்து முடிந்ததோ, பொறுமை முடிந்ததோ தெரியாது. அதற்கு மேலே முகடு வரைக்கும் வெட்டவெளி. அந்த வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் கேட்கும். இந்த வீட்டு மீன்குழம்பு அந்த வீட்டிலும் மணக்கும்.

இதில் ஒரேயொரு சங்கடம், அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பாகம் பிரித்தபோது கிணறு அக்கா பக்கம் போய்விட்டது. அதில் தொடங்கிய கோபம், நாங்கள் வேறு கிணறு வெட்டிய பிறகும் வற்றவில்லை. ஆனால் இருவரும் கதைக்காமலும் இல்லை. அக்கா தன் சட்டியோடு கதைப்பாள்: "சில பேருக்குக் காலமை எட்டு மணிக்குத்தான் விடியும், என்ன?" சுகந்தி இந்தப் பக்கத்திலிருந்து அகப்பையிடம் பதில் சொல்லுவாள். ஆறு மாதத்தில் அந்த அகப்பைக்கு என்னைவிட அதிகமாகக் குடும்ப விசயம் தெரிந்துவிட்டது.

கடற்கரை எனக்குச் சரிவரவில்லை. இரவு முழுக்கத் தலைமாட்டில் யாரோ நெல் தூற்றுவது போலச் சத்தம். கட்டில் துருப்பிடித்தது, மின்விசிறி துருப்பிடித்தது, புதிதாக வாங்கிய கதவுப் பூட்டு உள்ளே விட்ட திறப்போடு சேர்ந்து ஒன்றாகிவிட்டது. குரங்குகள் கூரையில் பாய்ந்து ஓடுகளை உடைத்தன. மிஞ்சிய ஓட்டுக்குக் கீழே கைமரங்கள் உளுத்துப்போயிருந்தன. மாரி மழைக்கு முன்னால் என் பாதிக்காவது ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரச் சீற் போடுவது என்று முடிவெடுத்தேன்.

ஓடாவி ஒருவரைப் பிடித்தேன். மரவேலையில் பெயரெடுத்தவர். நாளைக்கு வருகிறேன் என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். அவருடைய நாளைக்காக நான் ஒரு மாதம் காத்திருந்தேன். கடைசியில், நானும் வயல் காவல் வாடிகள், மாட்டுக் கொட்டில்கள் எல்லாம் பிரித்துக் கட்டியவன்தானே என்று எனக்கு ஒரு எழுப்பம் வந்தது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்காவின் கணவர், என் சகலன், துறைமுகத்தில் வேலை செய்த பட்டினத்து மனிதர். நல்லவர்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரருக்கு மாடு, உழவு இயந்திரம் தவிர வேறொன்றும் தெரியாது என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. அவர் பார்க்க நான் கூரையில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நின்றேன்தான்.

அந்த நேரத்தில் அந்தப் பக்கத்து வீட்டில் பெரிய காரியம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஒரே மகள் தர்சினிக்கு வெருகல் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பிள்ளையைப் படத்தில் பார்த்துப் பிடித்துப் போய், இனி வீடு பார்க்க வருகிறார்கள். ஞாயிறு காலை. வீடுதான் சீதனம் என்பதால் வீடு பார்ப்பது என்பது விளையாட்டல்ல. முன்னால் வந்த இரண்டு இடமும் இந்த இடத்தில்தான் நழுவின. பிள்ளை நல்லம், குணம் நல்லம், ஆனால் பாதி வீடுதானே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால் இம்முறை சகலன் சுவருக்கெல்லாம் மஞ்சள் பூசி, புதுத் திரைச்சீலை போட்டு, தெரிந்தவர் வீட்டிலிருந்து மெத்தைக் கதிரைகள் இரவல் வாங்கி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை நான் ஏணியைச் சாத்தும்போது அவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, எங்கட பக்கத்துக்கு ஒண்டும் ஆகாதே?"

"உங்கட பக்கத்தில ஒரு ஓடுகூட அசையாது அண்ணை. எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த இரண்டு சொல்லையும் இன்றைக்கு யாராவது சொல்லக் கேட்டாலே நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவேன்.

மத்தியானத்துக்குள் என் பக்க ஓடு முழுவதையும் இறக்கிவிட்டேன். நல்ல வேலை. சுகந்திகூட முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பது போல் தலையாட்டினாள். அடுத்தது கைமரங்கள். எங்கள் ஊர் வீடுகளில் நடுவில் தூண் நட்டு அதன்மேல்தான் முகட்டை வைப்பார்கள். ஒரு பக்கத்தைக் கழற்றினால் மறுபக்கம் தன்பாட்டில் நிற்கும். இங்கே தூண் எங்கே என்று நான் தேடவில்லை. இருந்தால்தானே தேடிக் கிடைப்பதற்கு? இந்த வீட்டில் என் பக்கக் கைமரமும் அவர்கள் பக்கக் கைமரமும் முகட்டில் ஒன்றில் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. வீட்டைப் பிரித்த மாமியார் முகட்டைப் பிரிக்கவில்லை. கதை பேச்சில்லாத இரண்டு குடும்பங்களையும் அதுவரை ஒரே முகடுதான் தாங்கிக்கொண்டிருந்தது. நான் இரும்பு அலவாங்கால் நெம்பி அதன் ஒரு காலைத் தட்டிவிட்டேன்.

பாதிக்கு மேல் கழற்றியபோது முகடு முனகியது. பழைய மரம் அப்படித்தான் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். அடுத்த கைமரத்தை நெம்பினேன். அந்தப் பக்கத்துக் கூரை அவசரமே இல்லாமல், களைத்துப்போன ஒருவர் உட்காருவது போல, உள்ளே இறங்கியது. மரங்கள் நடுச்சுவரில் விழுந்து தங்கின. ஓடுகள் தங்கவில்லை. மெத்தைக் கதிரைகளுக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. கடைசி ஓடு விழுந்து முடிய எவ்வளவோ நேரம் எடுத்ததாக எனக்குப் பட்டது.

புழுதி அடங்கியபோது நான் சுவர் விளிம்பில் அலவாங்கோடு குந்தியிருந்தேன். எல்லோரும் முற்றத்தில் இருந்ததால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கடவுளுக்கு அன்று நான் சொன்ன நன்றிக்கு அளவில்லை. சகலன் ஓடி வந்து வாசலில் நின்றார். கீழே கதிரைகளைப் பார்த்தார். மேலே வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இறங்கி வாங்கோ தம்பி. விழுந்திடப் போறியள்," என்றார்.

தர்சினி உள்ளே வந்து, ஓடுகளுக்கு நடுவில் கிடந்த திரைச்சீலையை எடுத்து உதறினாள். அழவில்லை. என் பக்கம் திரும்பி, "சித்தப்பா, இது மூண்டாவது," என்றாள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொன்னாள். எனக்கு அந்தச் சுவரிலிருந்தே குதித்துவிடலாம் போல இருந்தது. (குதித்தாலும் கால்தான் முறிந்திருக்கும். அந்தக் காலையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும்.)

அக்கா சட்டியோடும் கதைக்கவில்லை. சுகந்தி எனக்குச் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. சகலன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்து, அடுத்த கிழமைக்குத் தள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார். ஏலாது, நாங்கள் வெளிக்கிட்டுப் பட்டினத்துக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறோம், காலையில் வருகிறோம் என்று பதில் வந்தது.

அன்று இருட்டும்வரை நானும் சகலனும் ஓடு பொறுக்கினோம். ஒரு பெரிய நீலத் தறப்பாளை இரண்டு பாதிக்கும் சேர்த்து இழுத்துக் கட்டினோம். இரவல் கதிரைகளில் பிழைத்தவை இரண்டு. எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரைகளை நடுச்சுவருக்கு மேலால் தூக்கிக் கொடுத்தேன். அந்தச் சுவருக்கு மேலால் ஒரு பொருள் கைமாறியது அதுதான் முதல் தடவை.

காலையில் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், தகப்பன், அவர்களோடு தாயின் தமையனார் ஒருவர். பேச்செல்லாம் அந்த மாமாதான் என்பது அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. கடல் காற்றுக்குத் தறப்பாள் படபடவென்று அடித்தது. வெள்ளைச் சட்டை, மஞ்சள் சுவர், எல்லோருடைய முகமும் நீலமாகத் தெரிந்தன. என்னைப் பின்வளவில் நிற்கச் சொல்லியிருந்தால் நான் சந்தோசமாக நின்றிருப்பேன். ஆனால் சித்தப்பா முறை, முன்னால் இருக்க வேண்டும்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார். சகலன் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன். கூரை திருத்துகிறோம், இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே கூரையாகப் போடுகிறோம் என்றேன். நேற்று ஒரு மடையன் முகட்டைத் தட்டி விழுத்திவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமா முன்னால் சரிந்து இருந்தார்.

"அப்ப நடுச்சுவரையும் எடுக்கிறியளோ? முழு வீடும் பிள்ளைக்குத்தானோ?"

இல்லை என்று சொன்னால் பிள்ளை நான்காவது தடவைக்குப் போக வேண்டும். ஓம் என்றால் எனக்குப் படுக்க இடமில்லை. போதாக்குறைக்கு அந்த வீடு என்னுடையதுமல்ல. சகலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குசினி வாசலில், கையில் தட்டத்தோடு, அசையாமல் நின்றாள். அவள் பின்னால் சுகந்தி நின்றாள். காலையில் கூப்பிடாமலே வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள்.

"ஓம்," என்றாள் சுகந்தி. "முழுசும் தர்சினிக்குத்தான். எங்களுக்கு ரெண்டும் பொடியள்."

மாமா திருப்தியாகப் பின்னால் சாய்ந்தார். தாய்க்காரி முதல் தடவையாகச் சிரித்தாள். அக்கா திரும்பினாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, சட்டியைப் பார்க்காமல், தங்கையின் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"தேத்தண்ணிக்குச் சீனி போட்டனியோடி?"

"போட்டனான் அக்கா."

இருவருடைய கண்ணிலும் தண்ணீர். எனக்கும் வந்தது. பாசத்தில் வந்ததா, வீடு போனதில் வந்ததா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர்கள் போன பிறகு சுகந்தியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, அப்படியானால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டேன். "உங்கட ஊர் இருக்குத்தானே. யானை வந்தால் வரட்டும்," என்றாள். உன்னைவிட யானை மேல் என்று அவள் சொல்லாமல் விட்டது அவளுடைய நல்ல குணம்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. அதற்கு முன் நடுச்சுவர் இடிக்கப்பட்டு, முகட்டுக்குப் புது வளை வைத்து, நல்லதொரு கூரை வந்தது. ஓடாவி இம்முறை சொன்ன நாளிலேயே வந்தார். என்னை ஏணிக்குப் பக்கத்தில் விடவில்லை. உப்புக் காற்றில் ஆறு மாதம் அல்லாடி நான் திருத்த நினைத்த வீட்டில், திருத்தி முடிந்த பிறகு ஒரு இரவுகூட நான் படுக்கவில்லை. ஊர் வீட்டுக் குசினிச் சுவர் இன்னும் எழும்பவில்லை, அதனால் இப்போது கப்பல்துறையில் வாடகைக்கு இருக்கிறோம். கடலும் இல்லை, எங்கள் வயலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளியாக அங்கே போவோம். அக்காவும் தங்கையும் குசினிக்குள் போனால் பொழுதுபட்டாலும் வெளியே வரமாட்டார்கள். நான் கூடத்தில் மருமகன் காட்டும் கதிரையில் இருப்பேன். அந்தக் கூடத்தில் பாதி எங்களுடையதாக இருந்தது என்று நினைத்து, நடுச்சுவர் நின்ற இடத்தைக் கண்ணால் அளப்பேன். தர்சினி தன் கைக்குழந்தையை என் மடியில் வைப்பாள். அளவு மறந்துபோகும்.

ஆனால் பெயர் மட்டும் போகவில்லை. சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்காவது சம்பந்தம் இழுபட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "தர்சினின்ர சித்தப்பாவை ஒருக்கா முகட்டில ஏத்தி விடுங்கோ, எல்லாம் சரிவரும்." அதற்கு எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிப்பவர்கள் அக்காவும் சுகந்தியும்தான்.

போன மாதம் சுகந்தியின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்களுக்கும் இரண்டு பெண்கள், ஒரு வீடு. எனக்குக் கழுத்துப் பிடிப்பு, சும்மா ஒருமுறை நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கதையைப் பாதியில் விட்டு எழும்பி வந்து, என் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதிரையையும் அவரே தூக்கி வந்து வேப்பமரத்துக்குக் கீழே போட்டார்.

"நீங்கள் இதில இருங்கோ," என்றார். "சாப்பாடு இங்கேயே வரும்."