ஏழாவது தீர்மானமும் ஒரு ஃப்ளாப்பும்

வான்வெளிக்கு வடசென்னை வழங்கிய கொடைகள் இரண்டு. ஒன்று புகை. மற்றது எங்கள் எண்ணூர் வான் கழகத்தின் ஏழாவது தீர்மானம். அதைக் கைப்பட எழுதிய செயலாளர் என்ற முறையில் என் மார்பு இன்னும் விம்முகிறது.

கழகத்தின் சொத்து, இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானம். ஓடுபாதை பழைய உப்பளத்தில், நீளம் குறைவு. கோடியில் காம்பவுண்டு சுவர், அதற்கு அப்பால் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. எங்கள் விமானி உமைமா, காலடிப்பேட்டைப் பெண். கிளம்பும்போது இறக்கையின் பின்விளிம்பிலுள்ள தகட்டைக் கொஞ்சம் கீழே இறக்குவாள். அதற்குப் பெயர் ஃப்ளாப்.

வினையே அந்தப் பெயர்தான். தலைவர் சங்கரநாராயணன் அண்ணாச்சி மளிகை மொத்த வியாபாரி. ஒரே ஒரு சினிமாப் படம் எடுத்து, அது ஃப்ளாப்பாகிக் கையைச் சுட்டுக்கொண்டவர். அன்று முதல் அந்தச் சொல் அவர் வாயில் வருவதில்லை.

"கெளம்புத நேரத்துல அந்த வார்த்தையா? வெளங்குமா?" என்றார் செயற்குழுவில். "அதுவும், மேல போற வண்டியில எதையாவது கீழ எறக்குவாவளா?"

"எறக்குனாதான் அண்ணாச்சி சீக்கிரம் தூக்கும்," என்றாள் உமைமா. "நல்லா மேல போனப்பறம் கொஞ்சங் கொஞ்சமா உள்ள இழுத்துக்கணும். இல்லாங்காட்டி அதுவே நம்மள பின்னால இழுத்துகினு இருக்கும்."

"தூக்கி விட்டதையே உள்ள தள்ளுததா? நன்றி கெட்ட வேலயில்லா!"

மெக்கானிக் பக்ருதீன் எழுந்தார். "இன்னா அண்ணாச்சி பேஜாரு? அது இல்லாங்காட்டி வண்டி செவுத்த தாண்டாது. லாரி மேலதான் லேண்டிங்கு."

போண்டாவுக்குப் பின் தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது: மேற்படி சொல்லும் பொருளும் தடை செய்யப்படுகின்றன, மீறும் விமானி பணிநீக்கம். உமைமாவின் முகம் செத்துப்போனது. மூன்று வருடம் அலைந்து வாங்கிய வேலை அது.

மறுநாள் காலை 'சோதனைப் பறத்தல்'. அண்ணாச்சியே மாலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் குறிப்பேடும் வாக்கிடாக்கியுமாக நின்றேன்; உள்ளே அவர்கள் பேசுவது அதில் தெளிவாகக் கேட்டது. விமானம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, செவுரு வருதே!"

"வரும் அண்ணாச்சி."

"அத எறக்கும்மா!"

"எத அண்ணாச்சி?"

"ஃப்ளாப்பு! ஃப்ளாப்பு!"

"தீர்மானம் கீதே?"

"தீர்மானத்துல தீய வைய்யி!"

நான் குப்புற விழுந்தேன். சக்கரம் சுவருக்கு ஒரு முழம் மேலே தாண்டியது. லாரி டிரைவர் ஒருவர் கொதிக்கிற குழம்பை விட்டுவிட்டு ஓடினார். விமானம் நிதானமாக ஏறி, ஃப்ளாப்பை உள்ளே இழுத்துக்கொண்டு, முகத்துவாரக்குப்பத்தைச் சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது.

பிற்பகலில் அவசரக் கூட்டம். எட்டாவது தீர்மானம்: தமது துணிச்சலால் விமானத்தை உயர்த்திய அண்ணாச்சி நிரந்தரத் தலைவராக உயர்த்தப்படுகிறார். தடையை மீறிய விமானி பணிநீக்கம்.

"நீங்கதான அண்ணாச்சி கத்துனீங்க?" உமைமாவின் குரல் உடைந்தது.

"நானா? அந்த வார்த்த என் வாயில வருமா?" அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "செயலாளர் சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாக்கிடாக்கி பழுது என்றேன். நேற்று வரை வேலை செய்ததே என்றார் பக்ருதீன். அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

உமைமா கவலைப்பட வேண்டாம். அவள் சொன்ன விஞ்ஞானத்தைக் கழகம் முழுமனதாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மேலே போக ஒன்றைக் கீழே இறக்க வேண்டும், இறக்கிவிட்டோம். கையெழுத்து என்னுடையது.