முதல் கையெழுத்து மாப்பிள்ளைக்கு

அருப்புக்கோட்டை,
10-3-1972

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஜான்ராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை தெரசாளைக் கட்டிய புண்ணியத்தால் தங்களுக்கு உறவாகிப்போன செல்வதுரை எழுதிக்கொண்டது. சர்வேசுரன் தயவில் இங்கு யாவரும் சுகம், என் புத்தி ஒன்று நீங்கலாக.

போன மாதம் நான் உயில் எழுதப் போனதைத் தங்கள் தங்கை எழுதியிருப்பாள். சட்டை விஷயத்தை மட்டும் மறைத்திருப்பாள், அதை நானே சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் எழுதினால் மை காயும் முன்னே கடைவீதி முழுக்கச் சேதி போய்விடும் என்று திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிற மொக்கையன், "செல்வதுரையாகிய நான் பூரண சுயபுத்தியுடனும் தெளிந்த நினைவுடனும்" என்று பத்துப் பேர் கேட்க உரக்கப் படித்துக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தி, "ஐயா, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீக" என்றார். தையல் எல்லாம் வெளியே, பை உள்ளே. அந்த வரியை வைத்துக்கொள்வதா அடிப்பதா என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உயில் சின்னதுதான். குடியிருக்கிற வீடு மகள் இன்பராணிக்கு, மீதி எல்லாம் நெய்வேலியில் இருக்கிற மகனுக்கு. இரண்டு சாட்சி வேண்டும் என்றார்கள். கூட வந்த மாப்பிள்ளை பொன்ராஜ் பக்கத்தில் நிற்கும்போது பேனாவை வேறு ஆள் கையில் கொடுக்க எனக்கு என்ன தைரியம்? மகன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் மூன்றாவது வரியில் விழுந்துவிட்டது என்று ஆறு மாதம் நம் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் அவர். குடிக்காமல் இருந்தது அவர், ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆறு மாதமும் இங்கே வந்து இருந்தது இன்பராணி. தன் கோபத்தைத் தானே சுமக்கும் வழக்கம் மாப்பிள்ளைக்குக் கிடையாது. ஆகவே, "முதல் கையெழுத்து நீங்கதான் போடணும்" என்று பணிவாக நீட்டினேன். போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். "என் கையெழுத்து இல்லாம எங்க மாமா உயிலு நகராது" என்று தன் ஊர் மல்லாங்கிணறு முழுக்கச் சொல்லி வருகிறாராம்.

நகராமல்தான் போனது மச்சான். காரியாபட்டிச் சந்தையில் வக்கீல் சந்தனத்தைப் பார்த்தேன். பெருமை சும்மா இருக்கவிடுமா, சொன்னேன்.

"சாட்சி யாரு?"

"முதல் சாட்சி எங்க மாப்பிள்ளை."

"வீடு யாருக்கு?"

"அவுக சம்சாரத்துக்கு."

"அப்ப வீடு இல்ல."

சாட்சி போட்டவருக்கோ அவர் பெண்டாட்டிக்கோ எழுதிவைத்தது மட்டும் செல்லாதாம், மற்றதெல்லாம் செல்லுமாம். வீடும் அந்த 'மீதி'யோடு சேர்ந்து மகனுக்குப் போய்விடுமாம். மருமகளோ, இன்பராணி வந்து பெட்டியை இறக்கும் முன்னே எப்போது கிளம்புவாள் என்று காலண்டரைப் பார்க்கிற உத்தமி. இந்தச் சட்டம் நம் கிறிஸ்தவர்களுக்குத்தானாம், இந்துக்களுக்கு இல்லையாம். "அதுக்காக இந்த வயசுல ஞானஸ்நானத்தத் திருப்பிக் குடுக்க முடியுமா வக்கீலய்யா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வேறு உயில் எழுதினால் தீர்ந்தது. ஆனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு எழுதினால் மறுநாள் பெட்டி வந்து இறங்கும். அதற்கும் வக்கீலே வழி சொன்னார். சாட்சியைவிடப் பெரிய பதவி ஒன்று இருக்கிறதாம், எக்சிகியூட்டர் என்று. நான் கண்ணை மூடிய பிறகு உயிலைத் தூக்கிக்கொண்டு மதுரைக் கோர்ட்டுக்கு அலைந்து, இது அசல் உயில்தான் என்று புரோபேட் வாங்கி, சொத்தை அவரவர் கையில் ஒப்படைக்கிற ஆள். வருஷக்கணக்கில் படி ஏற வேண்டுமாம். மாப்பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதையை நான் எங்கே போய்த் தேட? சொன்னதும், "அப்ப சாட்சியெல்லாம் எனக்குக் கீழதானே மாமா?" என்றார். "ரொம்பக் கீழ" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

ஆகவே வருகிற வியாழக்கிழமை தாங்கள் தவறாமல் வந்து, அந்த ரொம்பக் கீழான வேலையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். உயிலில் தங்களுக்கு ஒன்றுமே எழுதவில்லை என்பதுதான் தங்கள் தகுதி.

அங்கே அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசீரும். தங்கள் வீட்டில் எந்தப் பத்திரிகையிலும் யார் பெயரும் மூன்றாவது வரியில் விழாமல் தேவமாதா காக்கட்டும்.

இப்படிக்கு, சட்டையை நேராகப் போட்டுக்கொண்டு,
செல்வதுரை

பி.கு. (17-ந் தேதி, வெள்ளி): மேலே கண்டதை எல்லாம் மறந்துவிடவும். தாங்கள் வரவில்லையே என்று நேற்றெல்லாம் தங்களைத் திட்டித் தீர்த்தேன், கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. டீக்கடையில் இருந்த இரண்டு பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ச் சாட்சி போட வைத்தேன். நான் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைப்பதற்குள், "ரோட்டுல போற ஆளெல்லாம் போடுதான், எக்சிகியூட்டர் போடாட்டி எப்படி" என்று மாப்பிள்ளை பேனாவைப் பிடுங்கி மூன்றாவது சாட்சியாகப் போட்டுவிட்டார். இரண்டு கோடும் உண்டு, வீடு மறுபடியும் இல்லை. மறுபடியும் எழுதித்தான் ஆக வேண்டும். இந்தத் தடவை தாங்களே வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளவும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கேட்டார், "இன்பராணிக்கு எதுக்கு மாமா வீடு? எங்கிட்டதான் வீடு இருக்கே." "சும்மா, பொம்பளப் பிள்ளைக்கு ஒரு ஞாபகமா இருக்கட்டும்னுதான் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த தடவை அவள் பெட்டியோடு வந்து நிற்கும்போது கதவைத் திறக்க நான் இருக்க மாட்டேன், சாவி அவள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.