பச்சைப் பொட்டலத்தைத் தின்றவன் எழுதுவது

மதிப்பிற்குரிய பேராசிரியர் துங் அவர்களுக்கு,

சூனான் ஊரில் முப்பத்தெட்டு வருடம் ஆவியில் பன் வேகவைத்து விற்று, இப்போது சும்மா இருக்கும் ஹு தியன்-ஃபு தலை வணங்கி எழுதுவது. நானும் என் முழங்கால் வலியும் சுகம். தாங்களும் தங்கள் வீட்டாரும் ஈஸ்ட்டுகளும் சுகமென நம்புகிறேன்.

என் மகள் பெய்-யிங்குக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். செவ்வாய்க்கிழமை தங்களுக்காக முள்ளங்கி பன்னும் அவித்த முட்டையும் கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது அவள் கைகழுவப் போயிருந்தாள். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, தங்களுக்கென்று கொண்டுவந்ததைத் தொடவும் மனம் வரவில்லை, ஈஸ்ட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியின் தலையில் பச்சை உறைச் சோளப்பொரி இருந்தது, எடுத்துத் தின்றுவிட்டேன். எந்திரம் அடம்பிடிக்காமல் இருக்க நம்ம ஊரில் எல்லாரும் அதன்மேல் வைக்கும் காப்பு அது என்று எனக்குத் தெரியாதா, என் மாவு பிசையும் எந்திரத்துக்கே வருடா வருடம் புதுசு வைத்தவன், பசி கண்ணை மறைத்துவிட்டது. பெய்-யிங் வந்தாள், மிச்சமிருந்த ஒரே குழாய் ஈஸ்ட்டைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தாள். கண் சிமிட்டும் நேரத்தில் நூறில் ஒரு பங்குக்கு மின்சாரம் கொடுத்தால் ஈஸ்ட்டின் தோலில் பொடி ஓட்டை விழுந்து மருந்து உள்ளே போகுமாம், பிறகு ஓட்டை தானே மூடிக்கொள்ளுமாம். அன்று ஓட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, டப்பென்று ஒரு பொறி, அந்தக் குழாயும் போயிற்று. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி.

ஆய்வுக்கூடமே என் வாயோரத்துப் பொரித்தூளைப் பார்த்தது.

"அப்பா, அதையா தின்னீங்க?"

"ரெண்டே ரெண்டு வாய்தாம்மா."

"பொட்டலம் காலியாக் கெடக்கு."

"சரி, மூணு."

பிறகு அவள் அழுதேவிட்டாள். "பொரிய விடுங்கப்பா. நான்தான் ஈஸ்ட்டச் சரியாக் கழுவல. என் கை இந்த வேலைக்கு லாயக்கில்ல" என்றாள்.

அப்போதுதான் தாங்கள் வந்து, "ஒரு பொறி வெடிச்சதுக்காக யாருக்கும் பட்டம் நிக்காது. புதுசா வளத்து வெள்ளிக்கிழமை செஞ்சு பாரும்மா" என்றீர்கள். நான் ஸ்கூட்டரில் நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்றில் மஞ்சள் உறைதான் இருந்தது, மஞ்சளை வைத்தால் எந்திரம் படுத்துவிடும். நாலாவதில் பச்சை கிடைத்தது, தேதி பார்த்து வாங்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை பொறியே இல்லை, ஈஸ்ட் மருந்தையும் குடித்துவிட்டு உயிரோடும் இருந்தது. என் மகளின் மூன்று வருடப் படிப்பைக் காப்பாற்றினீர்கள். இந்த நன்றியை எப்படித் தீர்ப்பதென்று தெரியவில்லை, பன் அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

தங்கள் ஈஸ்ட் பெருகட்டும், எந்திரங்கள் சொன்ன பேச்சுக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள
ஹு தியன்-ஃபு

பின்குறிப்பு: நேற்றுச் சாப்பிடும்போது பெய்-யிங் சொன்னாள், ஈஸ்ட் கிடக்கும் தண்ணீரில் துளி உப்பு இருந்தாலும் பொறி வெடிக்குமாம், உப்புப் போகத்தான் ஈஸ்ட்டைக் கழுவுவதாம். செவ்வாய்க்கிழமை அவள் வருவதற்குள், பனிக்கட்டியில் கிடந்த ஈஸ்ட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, முட்டைக்கென்று மடித்து வந்த உப்பில் ஒரு சிட்டிகையைக் குழாயில் போட்டவன் நான்தான். பன் மாவுக்குப் போட்டுப் பழகின கை. பொரி பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. என்னைத் திட்டினாக்கூடப் பரவாயில்ல சார், அவ இன்னும் தன் கையத்தான் திட்டிக்கிட்டிருக்கா. எனக்குச் சொல்லத் தைரியம் வரல. அவ கை நல்ல கைதான்னு நீங்களே சொல்லிடுங்க. நான் ஒரு வாரம் தாய்சுங்ல எங்க அக்கா வீட்டுல இருப்பேன்.